நகையை அவனே எடுத்திருந்தால்?

திரைப்படங்களை விமர்சிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. நூல்களைப் படித்துக் கருத்துரைப்பதே என் வழக்கம். ஆயினும், 2021 நவம்பரில் வெளிவந்த ‘ஜெய் பீம்’ படத்தை வீட்டாருடன் அமர்ந்து பார்த்த இரவில் எழுந்த வினா ஒன்று இன்றளவும் என்னை விட்டு அகலவில்லை. படம் முடிந்ததும் கண்களைத் துடைத்துக்கொண்டு எழுந்த என் துணைவியார், “அந்த நகையை அவனே எடுத்திருந்தால், அடித்துக் கொன்றது சரியாகிவிடுமா?” என்றார். எங்களில் எவருக்கும் உடனே விடை சொல்ல இயலவில்லை.

கதை நேயர்கள் அறிந்ததே. பாம்பு பிடிக்கச் சென்ற வீட்டில் நகை காணாமற்போக, இருளர் இளைஞன் ராஜாக்கண்ணுவின் மீது பழி விழுகிறது. காவல் நிலையத்தில் அவன் மாண்டுபோகிறான். தப்பியோடிவிட்டான் என்று காவலர்கள் சாதிக்கின்றனர். கருவுற்றிருக்கும் மனைவி செங்கேணி, வழக்கறிஞர் சந்துருவின் துணையுடன் ஆட்கொணர்வு மனுவின் வழியாக உண்மையை வெளிக்கொணர்கிறாள். இன்றைய கடலூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 1993-ஆம் ஆண்டு நேர்ந்த கொடுமையே இதன் மூலம்.

இயக்குநர் த. செ. ஞானவேலைப் பாராட்டத் தயக்கமில்லை. விடுதலையாகிச் சிறை வாயிலுக்கு வருவோரைச் சாதி கேட்டுப் பிரித்து, சிலரை வீட்டுக்கும் சிலரை மீண்டும் பொய் வழக்குக்கும் அனுப்பும் அந்தத் தொடக்கக் காட்சி ஒன்றே போதும். ஆயிரம் மேடைப் பேச்சுகளால் விளங்காதது அதில் விளங்கிவிடுகிறது. செங்கேணியாக வரும் லிஜோமோல் ஜோஸ், நடிக்கிறார் என்ற நினைவையே நமக்குத் தரவில்லை.

குறை எங்கே எனில், ராஜாக்கண்ணு மாசற்றவன் என்பதை நமக்கு முன்கூட்டியே காட்டிவிட்டுத்தான் படம் நம் கண்ணீரைக் கேட்கிறது. மாசற்றவனுக்காக அழுவது எளிது. அதற்குக் கொள்கை எதுவும் வேண்டியதில்லை. குற்றம் புரிந்தவனையும் அடிக்கக் கூடாது என்று சொல்லத்தான் கொள்கை வேண்டும். படத்தில் அதைச் சொல்ல வேண்டிய நெருக்கடி எவருக்கும் நேர்வதில்லை.

இன்னொரு குறையும் இதிலிருந்தே பிறக்கிறது. அநீதி ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்துவிட்டால், அதைத் தகர்க்க ஒரு வீரன் போதும். ஆகவே ஆசிரியை மைத்ராவும் தோழர்களும் துணைப் பாத்திரங்களாகவே நின்றுவிடுகின்றனர். அந்த வட்டாரத்துக் கட்சித் தோழர்கள் ஆண்டுக்கணக்கில் விடாது உழைத்த உழைப்பு, நீதிமன்றத்து வாதத்தின் ஒளியில் மங்கிவிடுகிறது. முன்பின் அறியாத ஒருவருக்காக ஓர் அமைப்பில் சேர்ந்து, சந்தா கட்டி, ஞாயிற்றுக்கிழமைகளை இழக்கிறார்களே, அவர்களை நம் திரைப்படங்களிலும் காண்பதற்கில்லை, நாவல்களிலும் பெரும்பாலும் காண்பதற்கில்லை.

நெருக்கடி நிலையின் நடுவில், 1976-ல், ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னின்று தோற்றுவித்த மக்கள் சிவில் உரிமை அமைப்பையே எடுத்துக்கொள்ளலாம். 1977-ல் ஆட்சி மாறியதும், இனி அச்சமில்லை என்ற எண்ணத்தில் அது சோர்ந்துபோயிற்று; 1980-ல்தான் உறுப்பினர்களைச் சேர்த்து மக்கள் சிவில் உரிமைக் கழகமாக மீண்டும் எழுந்தது. தமக்கு வந்த இடர் நீங்கியதும் கலைந்துவிடுவது நமக்கும் பழக்கமான வழக்கம்தானே! நிதி நிறுவனங்களிடம் கை நீட்டாமல், உறுப்பினர் தரும் பணத்திலேயே இயங்குவது இக்கழகத்தின் நெறி. செய்தி கிடைத்தால் சிலர் ஊருக்குச் செல்வர்; பாதிக்கப்பட்டவரையும், அண்டை வீட்டாரையும், காவலரையும் விசாரிப்பர்; கேட்டதைச் சிறு அறிக்கையாக அச்சிடுவர். வாக்குப் பொறியில் நாம் காணும் ‘நோட்டா’வும் இக்கழகத்தின் வழக்கில் 2013-ல் வந்த தீர்ப்பின் விளைவே.

அங்கும் உள்ளத்தை உறுத்தும் பூசல்கள் உண்டு. வாரங்கல்லில் கணிதம் கற்பித்த பாலகோபால், ஆந்திர சிவில் உரிமைக் கழகத்தின் பொதுச் செயலாளராக 1983 முதல் பல்லாண்டுகள் போலி மோதல் கொலைகளை அம்பலப்படுத்தியவர். ஆயுதமேந்திய புரட்சியாளரின் வன்செயலையும் கேள்வி கேட்க வேண்டும் என்ற கருத்து வேறுபாட்டால் அதைவிட்டு வெளியேறி, 1998-ல் மனித உரிமைகள் மன்றத்தைத் தொடங்கினார். படத்து நாயகருக்கு இத்தகைய இரவுகளே கிடையா. அவருடைய பகைவர் யாவரும் வெளியில்தான் இருக்கின்றனர்.

நம் குடும்பங்களுக்கு இது ஏட்டுச் சங்கதி அன்று. 1985 முதல் 1995 வரை நடப்பிலிருந்த தடாச் சட்டம், காவல் அதிகாரி முன் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்றது. அடித்து வாங்கிய வாக்குமூலம் எத்தனை என்பதை யார் கண்டார்? அக்காலத்தில் அச்சட்டத்தை எதிர்த்த உரிமை அமைப்பினர், கைதானவர் குற்றமற்றவர் என்று முதலில் மெய்ப்பியுங்கள், பிறகு வருகிறோம் என்று சொல்லவில்லை. இன்னொரு வீட்டுப் பிள்ளை கைதாகும்போது நாம் சொல்வது என்ன? “ஏதும் செய்யாமலா பிடித்திருப்பார்கள்?” என்பதுதானே!

படத்தின் முடிவில் சந்துரு செய்தித்தாள் விரித்துப் படிக்க, செங்கேணியின் சிறுமகளும் அவரைப்போலவே அமர்ந்து தாளை விரிக்கிறாள். பலரும் மெச்சிய காட்சி. எனக்கோ வேறொரு செய்தித்தாள் நினைவுக்கு வந்தது. 1986-ல், காவல் நிலைய மரணங்களைப் பற்றி ஏடுகளில் வந்த செய்திகளைப் படித்த டி. கே. பாசு என்பவர், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் ஒன்று எழுதினார். மேற்கு வங்கத்துச் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் செயல் தலைவர் அவர். கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. 1996 டிசம்பர் 18-ஆம் நாள் தீர்ப்பு வந்தது: கைதுக்குக் குறிப்பு எழுதி அதில் சாட்சியின் கையொப்பம் பெற வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்பன உள்ளிட்ட 11 கட்டளைகள். அவற்றில் எதிலும் ‘குற்றமற்றவராயின்’ என்ற சொல் இல்லை. 1993-ல் அந்தச் சிற்றூரில் அக்கொடுமை நிகழ்ந்தபோது, அக்கடிதம் தீர்ப்பின்றி ஏழாம் ஆண்டில் கிடந்தது.

இதை என் துணைவியாரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்த மாதிரிச் சங்கத்தில் சேர எவ்வளவு சந்தா?” என்றார். நான் இன்னும் விசாரிக்கவில்லை.