புவிவாழ்வின் ஈறும் கற்பக் கணக்கும்

புராணங்கள் கற்பம் ஒன்றிற்குக் கூறும் அளவு 432 கோடி ஆண்டு. இயற்கை நூலார் இப்புவிக்குக் கூறும் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டு. இவ்விரண்டும் அணுகி நிற்றலால், புவிவாழ்வின் முடிவையும் நம் நூல்கள் ஆண்டெண்ணி முன்னரே வரையறுத்துவிட்டன என்னும் கூற்று மேடைகளிலும் சிறு நூல்களிலும் பெருக வழங்குகின்றது. கேட்டார்க்கு உவப்பளிப்பதாயினும் அஃது ஆராய்ச்சிக்கு நில்லாது.

கற்பமாவது பிரமனுக்கு ஒரு பகல். 43,20,000 ஆண்டு கொண்ட சதுர்யுகம் ஆயிரம் சென்றால் அப்பகல் கழியும். இப்பொழுது நடப்பது சுவேதவராக கற்பத்தில் ஏழாம் மனுவின் காலத்து இருபத்தெட்டாம் சதுர்யுகம் என்பது பஞ்சாங்கம் உடையார் யாவர்க்கும் ஒப்ப முடிந்தது. அவ்வாற்றால் இக்கற்பத்திற் கழிந்தது ஏறக்குறைய 197 கோடி ஆண்டே. எஞ்சியது 235 கோடி. புவியின் வயதோடு ஒப்பிடற்குரியது கழிந்த காலமேயன்றி முழுக் கற்பமன்று. ஆகவே ஒப்புமை கூறுவார் தாம் தழுவிய கணக்கையே முற்ற எண்ணிற்றிலர். எஞ்சிய 235 கோடியாவது இயற்கை நூலார் புவிவாழ்விற்கு வரையறுத்த எல்லையோடு பொருந்துமோ எனின், அதுவும் பொருந்தாமை மேலே காட்டப்படும்.

அந்நூலார் ஈற்றைத் துணிந்தவாறு யாங்ஙனம்? விண்கல் வீழ்ச்சியால் முடிவு நேருமென்பார் உளர். 6.6 கோடி ஆண்டின் முன் மெக்சிகோ நாட்டு யுகட்டான் பகுதியில் வீழ்ந்த, பத்துக் கிலோமீட்டர் அளவினதாகிய கல் டைனோசார் என்னும் பேருருவ விலங்குகளை மாய்த்தது, 25.2 கோடி ஆண்டின் முன் நேர்ந்த பிறிதொரு கேட்டிற் கடல்வாழ் இனங்களுட் பெரும்பாலன மாய்ந்தன. எனினும் வாழ்க்கை அற்றிலது. அவை இடையூறு எனப்படுமன்றி ஈறு எனப்படா.

ஈறு ஞாயிற்றின்கண்ணே உள்ளது. ஞாயிற்றின் நடுவில் நீரகவாயு ஹீலியமாக மாறுந்தோறும் அந்நடு செறிந்து வெப்பம் மிகுகின்றது. மிகவே, மாற்றமும் விரைகின்றது. விறகு குறையத் தீ அவிதல் உலகிற் கண்டது. ஈண்டோ எரிபொருள் குறையக் குறைய ஒளி வளர்கின்றது. 460 கோடி ஆண்டின் முன் தோன்றிய ஞான்று இன்றைய ஒளியில் நூற்றுக்கு எழுபது பங்கே உடைத்தாயிருந்த ஞாயிறு, இனி ஒவ்வொரு நூறு கோடி ஆண்டிற்கும் நூற்றுக்குப் பத்து என்னும் அளவில் ஒளி மிகும்.

இம்மிகுதியை இதுகாறும் தாங்கியது ஓர் அரிய அமைப்பாகும். மழைநீர் காற்றிலுள்ள கரியமிலவாயுவைக் கரைத்துப் பாறையை அரித்துக் கடலிற் சேர்க்க, அது சுண்ணப் படிவாய் அமிழ்கின்றது. எரிமலைகள் அதனை மீட்டும் காற்றில் விடுகின்றன. வெப்பம் மிகின் அரிப்பு மிகும். அரிப்பு மிகின் அவ்வாயு குறையும். குறையவே வெப்பந் தணியும். வாழ்க்கையைக் காத்த இவ்வமைப்பே அதன் உணவை அறுப்பதுமாகும். நெல், கோதுமை, மரங்கள் முதலியன காற்றில் பத்து இலட்சத்தில் 150 பங்கு அளவிற்குக் கீழ் அவ்வாயு குறையின் வாழ்தல் அரிது. சோளம், கரும்பு போல்வன பத்துப் பங்கு வரையிலும் தாங்கும். இன்று நிலக்கரியும் எண்ணெயும் எரித்தலால் அது 420 பங்கிற்கு மேற்பட்டு ஏறுகின்றதே எனின், ஆம். இன்று வாழ்வார்க்கு அணித்தாய கேடு அவ்வேற்றமே. கோடிக்கணக்கான ஆண்டுகளில் நிகழ்வது அதன் மறுதலை என்க.

இவ்வேது கொண்டு 1982-இல் லவ்லாக், விட்ஃபீல்ட் என்பார் வாழ்க்கைக்கு எஞ்சியது பத்துக் கோடி ஆண்டென்றனர். 1992-இல் கால்டெய்ரா, காஸ்டிங் என்பார், சோளம் போல்வனவற்றின் ஆற்றலையும் பாறை அரிப்பின் இயல்பையும் திருத்தமாகக் கொண்டு, 90 முதல் 150 கோடி ஆண்டு வரை என்றனர். 2021-இல் ஒஸாகி, ரைன்ஹார்ட் என்பார், காற்றிற் பிராணவாயு மிக்கிருத்தல் இன்னும் ஏறத்தாழ 108 கோடி ஆண்டளவே எனக் கணித்தனர். பின்னர்க் கடல்நீர் ஆவியாய் மேலேறி, ஞாயிற்றொளியாற் பிளவுபட்டு, நீரகம் வெளியிற் கழியும். ஷ்ரோடர், ஸ்மித் என்பார் 2008-இல் வெளியிட்ட கணிப்பின்படி, பெருத்துச் சிவந்த ஞாயிறு புவியை விழுங்குதற்கு 759 கோடி ஆண்டு உள.

பத்தாண்டு இடையீட்டில் எண் ஒன்பது மடங்கிற்கு மேல் மாறிற்று; ஈறு உண்டென்னும் துணிவு மாறிற்றிலது. எண் கருவியாகக் கொண்ட அளவுகளைப் பற்றி நிற்பது. துணிவு ஏதுவைப் பற்றி நிற்பது. எண்ணின்மேற் சமயத்தை ஏற்றுவார் அவ்வெண் திருத்தப்படுந்தோறும் சமயத்தையும் திருத்த வேண்டிவரும்.

சிவஞானபோத முதற்சூத்திரத்து முதலதிகரணம் செல்லும் நெறி வேறு. உலகம் என்றும் இங்ஙனமே உள்ளதென்பாரை நோக்கி, அதன் பகுதிகள் ஒன்றினொன்று தோன்றி நின்று மறைதலைக் காட்டி, முழுமைக்கும் அம்மூன்றையும் நிறுவுவது அது. ஆண்டெண் ஆண்டு ஏதுவாக வைக்கப்படவில்லை. ஞாயிற்றின் வரலாறு துணியப்பட்டதும் இதனோடு ஒருபுடை ஒக்கும்: ஒருவரும் ஒரு விண்மீனின் வாழ்நாளை முற்றக் கண்டிலர், இளையனவும் முதிர்ந்தனவும் சிவந்து பெருத்தனவும் ஒருங்கு காணப்படுதலின் ஒன்றன் நெறி அனுமிக்கப்பட்டது.

ஒப்பு அவ்வளவே. புவி வேவதனைச் சருவசங்காரம் என்றல் பிழை. சருவசங்காரமாவது தத்துவங்கள் யாவும் தம் காரணமாகிய மாயையில் ஒடுங்குதல். அது வெறும்பாழன்று, உயிர்கள் இளைப்பாறுதற்கு நிகழ்வது. ஞாயிற்றால் நேர்வதோ புவனங்களுள் ஒன்றன் சிதைவு. “உயிர்கள் அழியும்” என மொழிபெயர்ப்பார் எழுதுவதும் மயக்கம் விளைப்பது. சித்தாந்தத்தில் உயிர் அநாதி. அழிவது உடம்பொடு கூடிய வாழ்க்கையே.

ஆராயத்தக்க வினா பிறிதொன்று உண்டு. செடியும் விலங்கும் அற்றபின் பாறையினடியில் நுண்ணுயிரினம் சிலகாலம் எஞ்சலாம். அவையும் அற்றபின், ஞாயிறு விழுங்கும் வரை பல நூறு கோடி ஆண்டு புவி வறிதே சுழலும். புவனம் உயிர்களின் போகத்தின் பொருட்டு என்பது கோட்பாடாயின், நுகர்வோர் இல்லாத புவனம் அத்துணைக் காலம் நிற்பது எதன் பொருட்டு? புவி தோன்றிய தொடக்கத்தும், வாழ்க்கை அரும்புமுன், இவ்வினாவிற்கு இடமுண்டு. கற்பக் கணக்கை எடுத்தோதுவார் இதனைத் தொட்டிலர்.