தண்ணீர் கேட்காத பேட்டரி

லித்தியம் இன்வெர்ட்டர் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், உங்கள் தெருவில் கரண்ட் எப்படிப் போகிறது என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம். மாதாந்திரப் பராமரிப்புக்கென்று காலை 9 மணிக்கு நிறுத்தி மதியம் 2 மணிக்குக் கொடுக்கும் தெரு உண்டு. இரவு பதினொரு மணிக்கு எல்லா வீட்டு ஏசியும் ஓடத் தொடங்கியதும் டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போகிற தெரு உண்டு. இன்னொரு வகைத் தெருவில் கரண்ட் போவதே இல்லை, 170 வோல்ட்டில் மின்விசிறி மட்டும் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இந்த மூன்று தெருக்காரர்களுக்கும் கடைக்காரர் காட்டுவது ஒரே பெட்டியைத்தான்.

எங்கள் வீடு தாம்பரத்துக்குத் தெற்கே, இந்த மூன்றும் மாறி மாறி நடக்கிற பகுதியில் இருக்கிறது. பழைய டியூபுலர் பேட்டரி ஒரு கோடைத் தொடக்கத்தில் படுத்துவிட, பேட்டரியும் உள்ளேயே அடங்கிய லித்தியம் இன்வெர்ட்டர் ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டினோம். 1,100 விஏ, 12.8 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர். கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த அளவில் கிடைப்பவை எல்லாம் உள்ளே ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஒரு வீட்டில் மாட்டிய ஒரு பெட்டியை வைத்து ஒரு கம்பெனியைத் தூக்குவதும் தாழ்த்துவதும் முறையாகாது.

முதலில் கண்ணில் படுவது எடை. 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் பேட்டரி, ஆசிட் நிரப்பிய நிலையில் 50 கிலோவுக்கு மேல் இருக்கும். தூக்க இரண்டு பேர் வேண்டும், வைக்க டிராலி வேண்டும், அது தரையில்தான் இருக்கும். லித்தியம் பெட்டி இன்வெர்ட்டரோடு சேர்த்தே 20 கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. இது வசதிக்கான விஷயம் மட்டும் என்று நினைத்தால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தளத்தில் குடியிருந்தவர்களைக் கேளுங்கள். நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் தரவேண்டிய பெட்டியோ முழங்கால் தண்ணீரில் நின்றது. தாழ்வான பகுதியில் இருப்பவர்களுக்கு, ஆறடி உயரத்தில் மாட்ட முடிகிறது என்ற ஒன்றே இதை வாங்கப் போதுமான காரணம். டிஸ்டில்டு வாட்டர் வாங்கி ஊற்றும் வேலை இல்லை, ஆசிட் வாடை இல்லை, முனையில் வெள்ளையாகப் பூக்கும் உப்பைச் சுரண்டவும் வேண்டாம்.

தீப்பிடிக்காதா என்ற கேள்வி எங்கள் வீட்டிலும் வந்தது. 2022இல் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்த செய்திகள் யாருக்கும் மறந்திருக்காது. அந்த வண்டிகளில் பெரும்பாலும் இருந்தது நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகை. வீட்டு இன்வெர்ட்டர்களில் வைப்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். சூட்டைத் தாங்குவதில் இது எவ்வளவோ மேல். ஆனாலும் மேற்கு வெயில் அடிக்கிற பால்கனிச் சுவரில் மாட்டாதீர்கள். அக்னி நட்சத்திர வெயிலில் பெட்டியின் உள்சூடு ஏறினால் அதன் காவல் சர்க்யூட்டே சார்ஜ் ஆவதை நிறுத்திவிடும்.

கடைக்காரர்கள் சொல்லாமல் நழுவுகிற கணக்கு ஒன்று இருக்கிறது. 12 வோல்ட்டை 150 ஆம்பியர் ஹவரால் பெருக்கினால் 1,800 வாட் ஹவர். லித்தியத்தின் 12.8ஐ 100ஆல் பெருக்கினால் 1,280. அதாவது புத்தம் புது டியூபுலர் பேட்டரி, இரண்டு மடங்குக்கு மேல் விலை கொடுத்து வாங்கிய இந்தப் பெட்டியைவிட அதிக நேரம் தாங்கும். "சார், லித்தியம்னா ரெட்டிப்பு பேக்கப்" என்று எனக்குச் சொல்லப்பட்டது. அது பொய்.

பிறகு ஏன் வாங்குவது? டியூபுலரை அடிக்கடி அடிவரை காலி செய்தால் அதன் ஆயுள் மளமளவென்று குறையும். பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்திருப்பது நல்லது என்பார்கள். லித்தியத்தை அடிவரை உறிஞ்சலாம், இரண்டாயிரம் தடவைக்கு மேல் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் என்னைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய காரணம் திரும்ப நிரம்பும் வேகம். காலியான டியூபுலர் முழுசாக நிரம்பப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். இந்தப் பெட்டி 25 ஆம்பியரில் சார்ஜ் ஆகிறது, நான்கு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது.

இந்த வேகத்தின் அருமை 2012ஐப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சென்னையில் அறிவித்த மின்வெட்டு இரண்டு மணி நேரம். கோவையிலும் மதுரையிலும் பத்து மணி நேரத்தைத் தாண்டியது. பல ஊர்களில் ஒரு மணி நேரம் இருக்கும், அடுத்த மணி நேரம் இருக்காது. அந்த ஒரு மணி நேரத்தில் தெருவிலுள்ள அத்தனை இன்வெர்ட்டர்களும் ஒன்றாக சார்ஜ் இழுக்கும். பேட்டரி கால்வாசிகூட ஏறியிருக்காது, மறுபடி போய்விடும். ஆறே மாதத்தில் பேட்டரி செத்துப்போன வீடுகள் எத்தனையோ. அன்றைக்கு இப்படியொரு பெட்டி இருந்திருந்தால் ஒவ்வொரு மணி நேரத்திலும் கால் பேட்டரியாவது உறுதியாக ஏறியிருக்கும். அந்த அளவு வெட்டு இன்று இல்லை. ஆனால் மழைக்காலத்து இரவில் மூன்று முறை போய் வரும்போது அதே பிரச்சினையின் சின்ன வடிவம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

எவ்வளவு நேரம் தாங்கியது? இரண்டு பழைய மின்விசிறி, ஒரு எல்இடி டியூப், இரண்டு பல்பு, வைஃபை ரவுட்டர். ஒரு பழைய விசிறி 75 வாட் இழுக்கும். மொத்தம் 200 வாட்டுக்குப் பக்கம், ஐந்து மணி நேரத்தில் பெட்டி அணைந்தது. பராமரிப்பு நிறுத்தத்துக்கு மட்டுமட்டாக அவ்வளவுதான். பிறகு அந்த இரண்டு விசிறிகளையும் 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி விசிறிகளாக மாற்றினோம். அதே விளக்குகள், அதே ரவுட்டர். எட்டரை மணி நேரத்துக்கு மேல் வந்தது. விசிறி ஒன்றுக்கு ஏறத்தாழ மூவாயிரம் ரூபாய். இதே கூடுதல் நேரத்தைப் பேட்டரியில் வாங்கப் போனால் பல மடங்கு செலவாகும். ஆகவே வாங்கும் வரிசை தெளிவு: முதலில் விசிறி, அப்புறம் பேட்டரி. விசிறியை மாற்றியபின் பழைய டியூபுலரே போதும் என்று உங்களுக்குத் தோன்றினாலும் ஆச்சரியமில்லை.

பிஎல்டிசி விசிறியால் இன்னொரு லாபமும் உண்டு. அதைப் புரிந்துகொள்ள இன்வெர்ட்டரின் பின்பக்கம் இருக்கும் சின்ன சுவிட்சைப் பார்க்கவேண்டும். யுபிஎஸ் முறை, சாதாரண முறை என்று அதில் இரண்டு நிலைகள் இருக்கும். யுபிஎஸ் முறையில் சப்ளை 180 வோல்ட்டுக்குக் கீழே போனதுமே கரண்ட் போய்விட்டதாகக் கருதிப் பெட்டி பேட்டரிக்கு மாறிவிடும். சாதாரண முறையில் 100 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளும். பொருத்த வந்தவர் யுபிஎஸ் முறையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கோடை இரவில் எங்கள் தெரு 175 வோல்ட்டில் ஊசலாடும்போது பெட்டி 'டக் டக்' என்று மாறி மாறி அடித்தது, விடிவதற்குள் பேட்டரி காலி. உண்மையில் கரண்ட் போகவே இல்லை. சுவிட்சைச் சாதாரண முறைக்குத் தள்ளியதும் அது நின்றது. பிஎல்டிசி விசிறி குறைந்த வோல்ட்டேஜிலும் வேகம் குறையாமல் ஓடும் என்பதால் புழுக்கமும் இல்லை. மேசைக் கணினி மட்டும் மாறும் நொடியில் சில நேரம் அணைந்து எழும். லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலை கிடையாது.

மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீடுகளில் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுச் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இன்வெர்ட்டர் ஏதோ ஒரு ஃபேஸில்தான் தொங்கும். அந்த ஃபேஸ் மட்டும் போனால், ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே படுக்கையறை பேட்டரியைத் தின்னும். இன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு ஃபேஸ் செலக்டர் சுவிட்ச் போட்டுவிட்டால் கரண்ட் உள்ள ஃபேஸுக்கு மாற்றிக்கொள்ளலாம். சில நூறு ரூபாய் வேலை. இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை மற்ற லைன்களின் நியூட்ரலோடு கண்டபடி சேர்த்துவிட்டாலோ, மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். பெட்டி பழுது என்று கம்பெனிக்குப் போன் அடிப்பவர்களில் பாதிப்பேர் வீட்டில் இதுதான் கதை என்றார் எங்கள் எலக்ட்ரீஷியன்.

1,100 விஏ என்பதை 1,100 வாட் என்று படிக்கக்கூடாது. 800, 900 வாட்டில் மூச்சு முட்டும். 750 வாட் மிக்ஸியைப் போட்டால் கிளம்பும்போதே ஓவர்லோட் காட்டி நின்றுவிடும், சட்னி அம்மியில்தான். தண்ணீர் மோட்டாரை நினைக்கவே வேண்டாம். பராமரிப்பு அறிவிப்பு வந்த அன்று முதல் வேலையாக டேங்க்கை நிரப்பிவிடுங்கள். ஃபிரிட்ஜையும் இதில் சேர்க்கவில்லை. கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் குளிர்ச்சி தானாக நிற்கும். பிள்ளைகளுள்ள வீட்டில் கதவைத் திறக்காமல் வைப்பதுதான் கஷ்டம்.

புளூடூத் செயலி ஒன்று கொடுக்கிறார்கள். எத்தனை வாட் ஓடுகிறது என்று காட்டுவது நிஜமாகவே பயன்படுகிறது. எந்த அறையில் எந்தப் பல்பு எரிகிறது என்று எழுந்துபோய்ப் பார்க்க வேண்டியதில்லை. மீதி நேரம் என்று காட்டுவதை நம்பாதீர்கள், ஒரு விசிறியை அணைத்தால் நான்கு மணி நேரம் ஏழாகத் தாவும். புயல் இரவில் செல் டவரும் போய்விட்ட நேரம் பார்த்து ஓடிபி கேட்டு உள்ளே விடமாட்டேன் என்றது. பக்கத்துச் சுவரில் இருக்கும் பெட்டியோடு பேச இணையம் எதற்கு? இதை வடிவமைத்தவர்கள் கரண்ட் போகாத ஊரில் இருக்கிறார்கள் போலும். சார்ஜ் ஏறும்போது உள்விசிறியின் இரைச்சல் வேறு. படுக்கையறைக்குள் மாட்டுவது தப்பு, கூடத்து மூலைதான் சரி.

சும்மா இருக்கும்போதும் இது 12 வாட் இழுக்கிறது. வாட் மீட்டர் வைத்துப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் 17 யூனிட். சிறிய எண்தான். ஆனால் இரண்டு மாத பில்லில் 500 யூனிட் விளிம்பில் நிற்கும் வீடுகளுக்குச் சிறியதல்ல. அந்தக் கோட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் சேர்த்தே விலை ஏறுகிறது.

கூரையில் சோலார் போட்டுவிட்டோம், இன்வெர்ட்டர் எதற்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அரசு மானியத்தில் பெரும்பாலும் போடப்படுவது கிரிட்டோடு இணைந்த வகை. தெருவில் கரண்ட் போனால் உச்சி வெயிலிலும் அது நின்றுவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் மீது உங்கள் கூரை மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காகவே அப்படி. மின்வெட்டிலும் ஓடவேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் வகையைத் தனியாகக் கேட்டு வாங்கவேண்டும்.

இத்தனை செலவும் செய்துவிட்டு ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. தடையற்ற மின்சாரம் நுகர்வோரின் உரிமை, அதில் தவறினால் இழப்பீடு தானாக வரவேண்டும் என்று மத்திய அரசு 2020 டிசம்பரில் விதிகளையே வெளியிட்டது. அந்த இழப்பீடு கழிக்கப்பட்ட பில்லைக் கண்ணால் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்ததால் ஒரு கெடுதலும் நடந்திருக்கிறது. கரண்ட் போனால் முன்பெல்லாம் நாலு பேர் தெருவுக்கு வந்து போன் போடுவார்கள். இப்போது டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போய் ஒரு மணி நேரம் ஆனாலும் பலருக்குத் தெரிவதே இல்லை. விசிறி ஓடுகிறதே! குறைந்த வோல்ட்டேஜுக்கும் புகார் கொடுக்கலாம், கொடுக்கவேண்டும். 2021 முதல் இயங்கும், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் மின் இணைப்பு எண்ணைச் சொல்லிப் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே டிரான்ஸ்பார்மரில் இருந்து இருபது புகார் பதிவானால், அதன் திறனைக் கூட்டச் சொல்லிக் கேட்கக் கையில் ஆதாரம் இருக்கும்.

தீர்ப்புக்கு வருகிறேன். மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு நிறுத்தம் மட்டும் வருகிற தெரு என்றால் லித்தியம் வேண்டாம். டியூபுலரும் இரண்டு பிஎல்டிசி விசிறியும் இருபத்தைந்து, முப்பதாயிரத்தில் முடிந்துவிடும். அடிக்கடி போய் வருகிற தெரு, வெள்ளம் புகும் தரைத்தளம், தண்ணீர் ஊற்ற ஆளில்லாத, வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடு என்றால் லித்தியத்தை யோசிக்காமல் வாங்கலாம். பில் போடும் முன் வாரன்டி அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். இன்வெர்ட்டருக்கு எத்தனை ஆண்டு, உள்ளிருக்கும் பேட்டரிக்கு எத்தனை ஆண்டு என்று தனித்தனியே அச்சடித்திருக்கவேண்டும். வாயால் சொல்லும் வாரன்டிக்குச் சர்வீஸ் ஆள் வரமாட்டார்.