கற்றபின் என்ன? 'மோகமுள்' நாவலில் இளம் பாடகன்

தி. ஜானகிராமனின் 'மோகமுள்' பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி பாபு, யமுனா உறவையே மையமாகக் கொண்டுள்ளது. இசை அந்நாவலில் பின்புலமாகவோ காமத்திற்கு எதிரே நிறுத்தப்பட்ட தூய்மையாகவோ கருதப்பட்டு வந்திருக்கிறது. பாபு ஓர் இளம் பாடகன் என்பதும், கற்றபின் அவன் என்ன செய்யப்போகிறான் என்னும் வினா கதையை நடத்திச் செல்கிறது என்பதும் திறனாய்வாளரின் கவனத்தை உரிய அளவு பெறவில்லை. இசைக்கல்லூரிப் பட்டத்துடன் வெளியேறும் மாணவர்கள் எதிர்கொள்ளும் வினாவும் அதுவே ஆதலின், 1964இல் நூலாக வெளிவந்த இந்நாவலை அக்கோணத்தில் மீண்டும் வாசிப்பது பயனுடையது.

கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கும் பாபு ரங்கண்ணாவிடம் இசை பயில்கிறான். ரங்கண்ணா பெரும் ஞானஸ்தர்; கச்சேரி மேடையையும் அதன் கைதட்டலையும் ஒரு பொருட்டாக எண்ணாதவர். இத்தகைய ஆசிரியரிடம் பயின்றவனுக்கு மேடை இயல்பான அடுத்த படியாகத் தோன்றுவதில்லை. ஐயத்திற்குரிய இடமாகவே தோன்றுகிறது. ஆசிரியர் மறைந்த பின்னும் பாபு அதனைத் தொழிலாக ஏற்கத் தயங்குகிறான். அத்தயக்கத்தைச் சோம்பல் என்றோ அச்சம் என்றோ கொள்வது நாவலைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

காரணம் குரல். மராட்டியப் பகுதியிலிருந்து வரும் பாடகர்களைக் கேட்டுப் பாபு திகைக்கிறான். அவனைத் திகைக்க வைப்பது அவர்களுடைய ராக ஞானமன்று. குரலைப் பண்படுத்தி வைத்திருக்கும் திறம். நாவலின் முடிவில் அவன் வடக்கே ரயிலேறுவதும் அப்பயிற்சியை நாடியே. கர்நாடக இசைக் கல்வியின்மீது தமிழ்ப் புனைகதை வைத்த மிகக் கூர்மையான விமரிசனம் இதுவென்பது என் கருத்து. சரளிவரிசை, ஜண்டைவரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை எனச் செல்லும் நம் பாடமுறை, உருப்படிகளைப் பெருக்குவதில் காட்டும் அக்கறையை மூச்சிலும், மந்தர, தார ஸ்தாயிகளில் குரல் குன்றாமல் நிற்பதிலும் காட்டுவதில்லை. அகாரசாதகம் மரபில் உண்டு. வகுப்பறையில் அதற்கு ஒதுக்கப்படும் நேரமோ சொற்பம். ராகலட்சணத்தைப் பிழையின்றி எழுதி முதல் வகுப்பில் தேறியவர், இரண்டு மணிநேரக் கச்சேரியின் பாதியிலேயே குரல் கம்மி நிற்பதை நம்மில் பலர் கேட்டிருப்போம். ஜானகிராமன் இசையறிந்தவர், வானொலியில் பணியாற்றியவர். அவருடைய காது இவ்விடத்தில் பல இசைப் பேராசிரியர்களின் காதைவிட நுட்பமாக இருந்திருக்கிறது.

ஆயினும் நாவல் ஒரு கணக்கைக் காட்டாமல் விடுகிறது. காத்திருப்பதற்கும் காசு வேண்டும். பாபுவின் சோறு மேடையை நம்பியிருக்கவில்லை. ஆகவே தான் இன்னும் பக்குவப்படவில்லை என்று அவனால் தன்னையே நிறுத்திவைக்க முடிகிறது. இன்று பட்டம் பெற்று வெளிவருபவருக்கு அவ்வாய்ப்பு அரிது. வானொலிக் குரல்தேர்வில் 'பி' தரம் பெற்று, 'பி ஹை', 'ஏ' எனப் படியேற ஆண்டுகள் பல ஆகும். மார்கழியில் சென்னைச் சபாக்கள் இளையோருக்கு ஒதுக்குவது பெரும்பாலும் பகல் நேரம்; அனுமதி இலவசம்; கிடைக்கும் சன்மானம் பக்கவாத்தியக்காரர்களுக்கே போதாமற்போவதுண்டு. சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949 முதலும், மலேசியாவில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் 1981 முதலும் இசை கற்பித்து வருகின்றன. இங்குப் பயின்று அம்மேடையை நாடும் இளைஞர் விமானக் கட்டணத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். இந்நிலையில் பத்தாண்டு தாக்குப்பிடிப்பவர் பெரும்பாலும் குடும்ப வசதி உள்ளவரே. மேடையை மறுத்துச் சாதகத்தில் மட்டும் ஆழ்வதற்கும் அதே வசதிதான் தேவைப்படுகிறது.

எஞ்சியோர் கற்பிக்கின்றனர். மேடையைத் துறந்த ரங்கண்ணாவைப் போற்றும் வாசகர், மாலை நேரத்தில் பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணம் பெற்றுச் சரளிவரிசை சொல்லித்தரும் பட்டதாரியைத் தோற்ற பாடகராக எண்ணுவது விந்தை. நாவலில் ஒருபுறம் ஏறத்தாழத் துறவியாகிவிட்ட குரு, மறுபுறம் கச்சேரிப் புகழ். ஊதியம் பெறும் இசையாசிரியர் என்னும் மூன்றாமவர் நம் மனத்தில் நிற்கும் பாத்திரமாக அமையவில்லை. நடப்பில் அத்தகையோர் இருந்தனர். கச்சேரி உலகில் பெரும்புகழ் ஈட்டிய முசிறி சுப்பிரமணிய ஐயர் மேடையிலிருந்து விலகியபின், 1949இல் சென்னையில் தொடங்கப்பட்ட கர்நாடக இசைக்கல்லூரியின் முதல்வராகப் பொறுப்பேற்றார். டி.கே. கோவிந்தராவ், சுகுணா புருஷோத்தமன் முதலியோர் அவரிடம் பயின்றவர்கள். மாதச் சம்பளம் அவருடைய இசையைத் தாழ்த்தியதாக எவரும் கூறியதில்லை. முசிறிக்கோ முன்பே பெற்ற புகழ் துணைநின்றது என்று மறுக்கலாம். அம்மறுப்பில் உண்மையுண்டு, இருபத்திரண்டு வயதில் கற்பிக்கத் தொடங்குபவருக்கு அத்துணை இல்லை.

இன்னொரு செய்தியையும் விட்டுவிட இயலாது. இசைக்கல்லூரி வாய்ப்பாட்டு வகுப்புகளில் இன்று அமர்ந்திருப்போருள் பெண்கள் மிகுதி. 1930களில் டி.கே. பட்டம்மாள் மேடையேறியபோது அவர் பிறந்த சமூகத்துப் பெண்கள் பொது அரங்கில் பாடுவதே வழக்கமன்று, அத்தடை இன்றில்லை. எனினும் பட்டம் பெற்ற பெண்ணுக்குத் திருமணப் பேச்சும், 'பி' தரத்திலிருந்து மேலேறும் முயற்சியும் ஒரே ஆண்டுகளில் வந்து சேர்கின்றன. குரல் பக்குவப்படட்டும் என்று இன்னும் ஐந்தாண்டு பொறுக்குமாறு அவள் வீட்டாரிடம் கேட்கக்கூடுமா? கற்றது போதாதென்று ரயிலேறும் உரிமையை நாவல் பாபுவுக்கு வழங்குகிறது. யமுனாவுக்கு அத்தகைய பயணம் எதையும் அது எழுதவில்லை.