உருவம் உருவோடு சேரும் இடம்

மலையடிவாரத்து முந்தலைத் தாண்டிப் போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பில், ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்து போனவர்களுக்குத் தெரியும்: மஞ்சு எந்த வளைவில் தொடங்குகிறது என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது. பள்ளத்திலிருந்து ஒரு துண்டு எழும்பும். எதிர்ச்சரிவிலிருந்து இன்னொன்று இறங்கும். இரண்டும் நெருங்க நெருங்க நடுவில் மெல்லிய கழுத்து ஒன்று பிறக்கும், கழுத்து பருக்கும், பிறகு இரண்டு என்று சொல்ல எதுவும் இருக்காது. போடிநாயக்கனூரில் இது அன்றாடக் காட்சி. கணினித் திரையில் இதை வரவைக்கப் பல நாட்டு ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள்.

சிக்கல், உருவம் என்றால் எல்லைக்கோடு என்று நாம் நினைப்பதில் இருந்தது. கோட்டால் வரைந்த இரண்டு வட்டங்களை ஒன்றாக்க வேண்டுமானால், எங்கே வெட்டுவது, எந்த முனையை எதோடு ஒட்டுவது என்று ஒவ்வொரு சட்டகத்துக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். ஜிம் பிளின் 1982இல் எழுதிய கட்டுரை இந்த வழியையே விட்டுவிட்டது. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் இருந்தவர் அவர். கார்ல் சேகனின் 'காஸ்மாஸ்' தொடருக்கு அசைபடங்கள் செய்தவர். மூலக்கூறுகளின் எலக்ட்ரான் அடர்த்தியை வரைய முயன்றபோது, ஒவ்வொரு அணுவையும் வாசனை பரப்பும் பொருள்போல எடுத்துக்கொண்டார். அருகே வலு அதிகம், தள்ளிப்போகக் குறையும். எல்லாப் புள்ளிகளின் வலுவையும் கூட்டி, கூட்டல் ஒரு குறிப்பிட்ட அளவைத் தொடும் இடமெல்லாம் மேற்பரப்பு என்று வைத்தார். கோட்டை யாரும் வரைவதில்லை, அது தானே அமைகிறது.

எளிய கணக்கு ஒன்று. ஒரு புள்ளியின் வலு, தூரத்தின் வர்க்கத்தால் ஒன்றை வகுத்தது என்று கொள்வோம். எல்லை அளவு 1. தனியாக இருக்கும் புள்ளியைச் சுற்றி 1 அங்குல ஆரத்தில் வட்டம் கிடைக்கும். சாதாரண வட்டங்களாக இருந்தால், மையங்களுக்கு இடையே 2 அங்குலம் ஆகும்போதுதான் அவை தொட்டுக்கொள்ளும். இந்த உருவங்களோ சுமார் 2.83 அங்குலத்திலேயே சேர்ந்துவிடும். ஏனென்றால் நடுவில் இருவர் வலுவும் கூடுகிறது. மஞ்சில் பார்த்த அந்தக் கழுத்து இந்தக் கூட்டலின் விளைவுதான்.

ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகக் குழுவினர் ஏறக்குறைய அதே காலத்தில் இதைச் செய்து 'மெட்டாபால்' என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரே நிலைத்தது. வைவில் சகோதரர்கள் 1986இல் வலுவை ஒரு தூரத்தோடு முழுவதுமாக நிறுத்தினார்கள். தொலைவில் உள்ள புள்ளிகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பதால் வேகம் கூடியது. 1987இல் லோரன்சனும் கிளைனும் மருத்துவ ஸ்கேன் படங்களுக்காக உருவாக்கிய 'மார்ச்சிங் க்யூப்ஸ்' முறை, இப்படிப்பட்ட பரப்புகளைச் சிறு முக்கோணங்களாக மாற்றித் தந்தது.

நம் பக்கம் வருகிறேன். சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி 1974இல் ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரோடு சேர்ந்து, கோலத்தையும் வரிசை இலக்கணங்களையும் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். கணினி வரைகலையின் தொடக்ககால ஆய்விதழ் ஒன்றில் வந்தது அது. வாக்கியத்துக்கு இலக்கணம் எழுதுவதுபோல் வாசல் கோலத்துக்கு இலக்கணம் எழுதிய வேலை. வரைகலை வரலாறு என்று தமிழில் எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போவது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது.

சிக்குக் கோலத்தில் இழை புள்ளிகளைச் சுற்றி வளைந்து, அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே பல இடங்களில் தன்னையே குறுக்காக வெட்டிச் செல்லும். பிளினின் முறையில் எல்லைக்கோடு ஒருபோதும் தன்னை வெட்டுவதில்லை, ஒரே ஒரு கணம் தவிர. இரண்டு உருவங்கள் பிரிந்தும் இல்லாமல் சேர்ந்தும் இல்லாமல் நிற்கும் அந்தக் கணத்தில், நடுவில் சரியாகப் பெருக்கல் குறி விழும். அடுத்த சட்டகத்தில் அது கழுத்தாகிவிடும். கணினி விரைந்து கடந்துபோகும் கணத்தில்தான் கோலம் நிற்கிறது.

இனி நிறம். மஞ்சள் உருண்டையும் சிவப்பு உருண்டையும் சேரும் இடத்தில் என்ன நிறம் வர வேண்டும்? ஒவ்வொரு புள்ளியின் வலு எவ்வளவோ அவ்வளவு பங்கு அதன் நிறத்துக்கு என்பது நேரான விடை. தவறு அடுத்த அடியில் நடக்கிறது. திரைக்கான கோப்புகளில் உள்ள எண்கள் ஒளியின் அளவுகள் அல்ல, கண்ணின் உணர்வுக்கு ஏற்ப வளைக்கப்பட்ட எண்கள். முழுச் சிவப்பையும் முழுப் பச்சையையும் அந்த எண்களிலேயே சராசரி எடுத்தால் இரண்டுக்கும் 128 கிடைத்து, சேற்று மஞ்சளாக இருண்டுபோகும். ஒளியாக மாற்றிக் கலந்து மறுபடி எண்ணாக்கினால் 188 வரும்; அதுதான் உண்மையான ஒளிக்கலவை. இன்றும் பல மென்பொருள்கள் முதல் வழியிலேயே கலக்கின்றன. ஓவியருக்கு இதுவும் போதாது. நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் அவருக்குப் பச்சை வேண்டும், ஒளிக்கலவையோ சாம்பலைத் தரும். சாயம் ஒளியை விழுங்குவதைக் கணக்கிடும் குபெல்கா–முங்க் கோட்பாடு 1931இலேயே வந்தது. அதைத் திரைக்கு எளிதாக்கித் தந்த 'மிக்ஸ்பாக்ஸ்' முறை வர 2021 ஆகிவிட்டது.

மஞ்சின் நிறக்கலவைக்கு வேறு கணக்கு. போடியிலிருந்து மேற்கே பார்த்தால் கிட்டத்து மலை கரும்பச்சை, அடுத்தது நீலம், அதற்கும் அப்பால் வானத்தோடு வானம். முதல் கிலோமீட்டரில் மலையின் ஒளியில் பாதி மிஞ்சினால் இரண்டாவதில் கால், மூன்றாவதில் அரைக்கால். இழந்த பங்கையெல்லாம் மூட்டத்தின் வெளிச்சம் நிரப்புகிறது. லூகாஸ்ஃபிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984இல் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வகுத்த விதியும் இதேதான். முன்படலம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும், மிச்சத்தைப் பின்படலத்துக்கு விடும். 'காதலன்' படத்தில் உடல் மறைந்து உடை மட்டும் ஆடியதை 1994இல் வியந்து பார்த்தோமே, படலம் அடுக்கும் கலையின் தமிழ்நாட்டு வெற்றி அது. அதைச் செய்த வெங்கிக்குத் தேசிய விருது கிடைத்தது.

போடியில் அரசுப் பொறியியல் கல்லூரி 2012 முதல் இயங்குகிறது. அங்கே கணினி படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். வாசலில் அம்மா வைக்கும் புள்ளிகளை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வலுவும் ஒரு நிறமும் கொடுத்து, எல்லை அளவை மெல்ல மாற்றிப் பாருங்கள். புள்ளிகள் கூடினால் எல்லாச் சந்திப்பிலும் பெருக்கல் குறி ஒரே கணத்தில் விழாது. ஓரப் புள்ளிகளுக்கு ஒரு வலு, நடுப்புள்ளிகளுக்கு வேறு வலு தேவைப்படும். எந்தக் கோலத்துக்கு எந்த வலு என்று கண்டுபிடித்து, அதைத் தமிழில் எழுதுங்கள்.