வாசகர் எழுத்தாளராகும் இடம்: 'எழுத்து', 'மல்லிகை' பற்றி ஒரு நோக்கு

சிற்றிதழொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் ஆசிரியரது தியாகத்தையும் அவரடைந்த பொருள் நட்டத்தையுமே விரித்துரைப்பர். அதனைப் படித்தவர்கள் எவ்வாறு அதில் எழுதுபவர்களாக மாறினர் என்ற வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. ஆயினும், புதிதாகத் தோன்றும் சிறியதோர் இலக்கியக் குழு உயிர்பெறுவதும் பெறாதொழிவதும் இம்மாற்றத்தைப் பொறுத்ததேயாகும். சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து', டொமினிக் ஜீவாவின் 'மல்லிகை' ஆகிய இரண்டும் இவ்வகையில் ஒருங்குவைத்து நோக்கத்தக்கன.

1959 ஜனவரியில் சென்னையில் தொடங்கிய 'எழுத்து' விமர்சனத்தையே முதன்மைப்படுத்திய ஏடு. கவிதை இயக்கமொன்றைத் தோற்றுவிக்கும் திட்டத்தோடு அது புறப்பட்டதாகக் கூறமுடியாது. முதலிதழில் ந. பிச்சமூர்த்தியின் பழைய கவிதையான 'பெட்டிக்கடை நாரணன்' மறுபிரசுரமாயிற்று. மூன்றாம் இதழிலேயே பசுவய்யாவின் 'உன் கை நகம்' வந்துவிட்டது. 1962இல் செல்லப்பா தொகுத்த 'புதுக்குரல்கள்' 24 கவிஞர்களின் 63 கவிதைகளைக் கொண்டிருந்தது. பொதுப்பட விடுக்கும் அழைப்பு இத்தகைய விளைவைத் தருவதில்லை. இவ்வகை ஆக்கத்துக்கு இங்கே இடமுண்டு என்பதை ஓர் ஆக்கத்தைக் கொண்டே காட்டியமைதான் எழுதத் தயங்கி நின்றோரை எழுதவைத்தது. திருகோணமலையிலிருந்த இளைஞர் தருமு சிவராமுவும், வடஇந்தியாவில் அரச பணியிலிருந்த வெங்கட் சாமிநாதனும் சென்னை இலக்கிய வட்டாரங்களின் பரிந்துரை எதுவுமின்றியே அதன் பக்கங்களுக்குள் நுழைய முடிந்தது.

'மல்லிகை'யின் வழி வேறு. 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் அதனைத் தொடங்கிய ஜீவா, கஸ்தூரியார் வீதியிலிருந்த ஜோசப் சலூனில் தொழில் புரிந்தவர். இதழைத் தாமே சுமந்து சென்று விற்றவர். இது வெறும் வாழ்க்கைக் குறிப்பன்று. சாதியும் கல்வியும் இலக்கியத்தின் வாயிலைக் காத்துநின்ற ஒரு சமூகத்தில், சலூனிலிருந்து வெளிவரும் ஏட்டுக்கு எழுதி அனுப்புவதற்கு எவரும் கூச்சப்பட வேண்டியிருக்கவில்லை. 'தூண்டில்' பகுதியில் வாசகர் வினாக்களுக்கு ஆசிரியரே விடையளித்தார். அட்டையில் ஈழத்து எழுத்தாளர்களின் உருவங்கள் இடம்பெற்றன. சினிமா நட்சத்திரங்களின் முகங்களுக்கே பழகிப்போன கண்களுக்கு இது சிறிய விடயமன்று. மலையகத்தவரும் தென்னிலங்கை முஸ்லிம் இளைஞர்களும், மொழிபெயர்ப்பின் வாயிலாகச் சிங்கள எழுத்தாளர்களும், பல்கலைக்கழக விமர்சகர்கள் எழுதிய அதே பக்கங்களில் இடம்பெற்றனர்.

எனினும் இவ்விருந்தோம்பலுக்கு ஒரு விலை இருந்தது. அட்டைப்படத்தில் கௌரவிக்கப்பட்டவரின் நூலை அடுத்த மாதம் கண்டிப்புடன் மதிப்பிடுவது எளிதன்று. பாராட்டு பழக்கமாகிவிட்ட இடத்தில் புதியவர் மகிழ்வார். ஆனால் வளர்வார் என்பதற்கில்லை. 1975இல் யாழ்ப்பாணத்தில் 'அலை' தோன்றியமைக்கு, முற்போக்கு அணியின் அளவுகோல்கள் மீது இளையோர் சிலர் கொண்ட அதிருப்தியும் ஒரு காரணம் எனலாம். 'எழுத்'தில் கண்டிப்பு இருந்தது. அதன் விளைவாக வட்டம் குறுகி, கவிஞரும் விமர்சகரும் தமக்குள்ளே பேசிக்கொள்ளும் நிலையும் நேர்ந்தது. எழுதத் துணியாத சாதாரண வாசகருக்கு அங்கே இடமிருந்ததா என்பது ஐயத்துக்குரியது. ('மல்லிகை' அவருக்கு ஒரு கேள்வியையாவது கேட்கும் உரிமையை அளித்தது.)

எண்ணிக்கையைக் கொண்டு தீர்ப்பளிப்பதாயின் வினா எளிதில் முடிந்துவிடும்: 'எழுத்து' 119 இதழ்களோடு 1970இல் நின்றது, 'மல்லிகை' யுத்தத்தையும் இடப்பெயர்வையும் கடந்து, கொழும்புக்கு மாறி, 2012 வரை நானூறு இதழ்களைக் கண்டது. ஆனால் 'எழுத்'தில் எழுதிப் பழகியவர்கள் அதன் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. 1968இல் 'நடை', 1970இல் 'கசடதபற' எனத் தமக்கான களங்களை அவர்களும் அவர்களை அடுத்து வந்தோரும் அமைத்துக்கொண்டனர். 'மல்லிகை'யோ இறுதிவரை ஜீவா என்ற தனி மனிதரின் கைகளிலேயே தங்கியிருந்தது. அதன் பக்கங்களில் தலைமுறைகள் எழுதின. ஆயினும் முதுமை அவரைத் தளர்த்தியபோது அதே பெயரில் அதனைத் தொடர்ந்து நடத்த எவரும் முன்வரவில்லை. ஜீவா 2021இல் மறைந்தபோது, 'மல்லிகை' நின்று எட்டு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.