பூஜ்யமும் வெற்றிடமும்: நேட்ரஸ் முன்னறிவிப்பு பற்றி ஒரு குறிப்பு

டேட்டாபேஸ் வேலையில் முதல் வாரமே சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. பூஜ்யம் வேறு, ‘நல்’ எனப்படும் வெற்றிடம் வேறு. பூஜ்யம்னா எண்ணிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. வெற்றிடம்னா யாரும் எண்ணவே இல்லை. இரண்டையும் குழப்பினால் ரிப்போர்ட் அழகாக வரும், ஆனா தப்பாக வரும்.

கால்நடை நோய் எச்சரிக்கைச் சேவைகளைப் பற்றிப் படித்தபோது இந்தப் பாடம்தான் ஞாபகம் வந்தது. பெங்களூரில் உள்ள ஐ.சி.ஏ.ஆர். நிறுவனமான நிவேதி நடத்துவது நேட்ரஸ். பழைய நோய்ப் பதிவுகளையும் மழை, வெப்பம் போன்ற விவரங்களையும் சேர்த்துக் கணித்து, எந்த மாவட்டத்தில் எந்த நோய் வரலாம் என்று இரண்டு மாதம் முன்பே சொல்கிறது. அடைப்பான், சப்பை நோய், கோமாரி, நீலநாக்கு, ஆட்டுக்கொல்லி எல்லாம் பட்டியலில் உண்டு. கையில் இருக்கும் தடுப்பூசியை எங்கே முதலில் அனுப்புவது என்று யோசிக்கும் கால்நடை மருத்துவருக்கு இது பெரிய உதவி.

முதலில் அதன் பலம். அடைப்பான் கிருமியின் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒருமுறை வந்த இடத்தில் மறுபடி வரும். இப்படிப்பட்ட நோய்க்கு, பழைய பதிவை வைத்து எதிர்காலத்தைக் கணிப்பது சரியான வழி.

சிக்கல் வேறு இடத்தில். ஆபத்தை ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள். ‘மிக அதிக ஆபத்து’ முதல் ‘ஆபத்து இல்லை’ வரை. ‘தகவல் போதவில்லை’ என்று ஒரு வகை அதில் கிடையாது. மாடு செத்ததும் விவசாயி குழி தோண்டிப் புதைத்துவிட்டால், நோய் கண்ட ஆட்டை அவசரமாக வியாபாரிக்கு விற்றுவிட்டால், அது எந்தப் பதிவிலும் ஏறாது. விளைவு, ஒழுங்காகப் பதிவு செய்த மாவட்டம் ஆபத்தானதாகத் தெரியும். பதிவே அனுப்பாத மாவட்டம் சுத்தமாகத் தெரியும்!

துல்லியம் இத்தனை சதவீதம் என்ற கணக்கும் இங்கே ஏமாற்றும். 100 மாவட்டத்தில் ஐந்தில்தான் நோய் வரும்னு வையுங்கள். எல்லா இடத்துக்கும் ‘வராது’ என்று சொன்னாலே 95 சதவீதம் சரி. தவறவிட்ட அந்த ஐந்துதான் மருத்துவருக்கு முக்கியம்.

புது நோய்க்கோ பழைய பதிவே இருக்காது. தோல் கழலை நோய் இந்தியாவில் முதலில் பதிவானது 2019-இல், ஒடிசாவில். 2022-இல் ராஜஸ்தான், குஜராத் என்று பரவி, நாடு முழுக்க ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் இறந்தன. வராத நோயின் வரலாற்றை எந்தக் கணிப்பும் படிக்க முடியாது. அதற்கு மனிதக் கண் வேண்டும். 1994-இல் தொடங்கிய புரோமெட் அந்த வகை. களத்திலிருந்தும் பத்திரிகைகளிலிருந்தும் வரும் சேதியை நிபுணர்கள் படித்து, தங்கள் கருத்தையும் சேர்த்து உடனே அனுப்புகிறார்கள்.

எனக்குத் தோன்றும் தீர்வு எளிது. ஏழாவதாக ஒரு வகை: ‘தெரியாது’. கூடவே, அந்த மாவட்டத்திலிருந்து கடைசிப் பதிவு வந்த தேதி. ‘இந்த மாதம் நோய் இல்லை’ என்று ஒருவர் எழுதி அனுப்புவதும் ஒரு பதிவுதான், அதுவும் கணக்கில் ஏறட்டும்.

அதுவரை ‘ஆபத்து இல்லை’ன்னு பார்த்தால், ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது. இது பூஜ்யமா, வெற்றிடமா?