சுவர் இருக்கு, கடல் எங்கே?

1870-களில் இத்தாலி துயிலியோ, தண்டோலோ என்று இரண்டு போர்க்கப்பல்களைக் கட்டியது. ஒவ்வொன்றிலும் நான்கு 100 டன் பீரங்கிகள். மால்டாவில் கடற்படைத் தளம் வைத்திருந்த பிரிட்டிஷாருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. உடனே அதே ரகத்தில் நான்கு வாங்கினார்கள். வேடிக்கை என்னன்னா, இத்தாலிக்கு விற்றதும் இவர்களுக்கு விற்றதும் ஒரே இங்கிலாந்துக் கம்பெனி, ஆம்ஸ்ட்ராங்!

நான்கில் இரண்டு ஜிப்ரால்டருக்குப் போயின. மற்ற இரண்டுக்காக மால்டா துறைமுக வாசலின் இருபுறமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு பீரங்கி மேடைகள் எழுந்தன. கிழக்கே ரினெல்லா, மேற்கே ஸ்லீமாவில் கேம்பிரிட்ஜ். குண்டு ஒன்று சுமார் 900 கிலோ. மனுஷன் தூக்க முடியாது. நீராவி எஞ்சின் தரும் தண்ணீர் அழுத்தத்தில்தான் பீரங்கி திரும்பும், குண்டும் ஏறும். 1906-இல் ஓய்வு கொடுக்கும் வரை எதிரி மேல் ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

அதற்குப் பிறகுதான் இரண்டின் விதியும் பிரிகிறது. ரினெல்லாவை 1991-இல் ஃபொண்டாட்ஸ்யோனி விர்த் ஆர்ட்னா என்ற மரபு அறக்கட்டளை எடுத்துச் சீரமைத்தது. பீரங்கி இன்றும் அங்கேயே நிற்கிறது. கேம்பிரிட்ஜ் பீரங்கி பழைய இரும்பாகப் போய்விட்டது. மேடை மிச்சம் இருக்கு. ஆனால் பக்கத்தில் உயர்ந்த அடுக்குமாடிகள். அந்தக் குடியிருப்புக்கு வைத்த பெயரும் ஃபோர்ட் கேம்பிரிட்ஜ்தான். கோட்டையின் பெயர் விற்பனைக்கு உதவியது. கோட்டைக்கு என்ன உதவியது?

என் விமர்சனம் இதுதான். இந்த மாதிரி இடங்களைப் பாதுகாப்பது என்றால் சுவரைச் சுற்றிக் கோடு போடுவதோடு நிறுத்திவிடுகிறோம். கோயிலுக்கோ அரண்மனைக்கோ அது ஓரளவு போதும். பீரங்கி மேடைக்குப் போதாது. அது கடலைப் பார்க்கக் கட்டிய கருவி. அதன் தாழ்வான அமைப்பு, திசை எல்லாத்துக்கும் அர்த்தம் எதிரே விரியும் அந்தக் கடல்தான். பார்வையை அடைத்துவிட்டு கல்லை மட்டும் காப்பது, நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு சர்வரைத் துடைத்து வைக்கிற கதை.

ஸ்லீமா நெருக்கடியான ஊர், ஜனங்களுக்கு வீடு வேண்டாமா என்று கேட்கலாம். நியாயம்தான். கரை முழுவதையும் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. பீரங்கி குறி பார்த்த திசையில் ஒரு விசிறி அளவு இடத்தையாவது காலியாக விடலாமே? கட்டட அனுமதி கொடுப்பதற்கு முன், பீரங்கி நின்ற இடத்தில் ஒருவர் போய் நின்று பார்க்கட்டும். அங்கிருந்து கடல் தெரியணும்.